எந்தச் சவரிநாதன்?

ஆவூர் ஷர்லிக்குக் காப்புரிமை அலுவலகத்தில் வேலை. யாராவது கண்டுபிடிப்பு என்று கொண்டுவந்தால், ஏற்கெனவே எங்காவது அச்சில் வந்திருக்கிறதா என்று துழாவி, 'இது புதுசில்லை' என்று திருப்பி அனுப்ப வேண்டும். "குத்தம் சொல்றதுக்கெல்லாமா சம்பளம் குடுக்குறாய்ங்க?" என்பாள் அம்மா அடைக்கலமேரி.

திருவிழாவுக்கு ஊருக்கு வந்தவள் அம்மா வீட்டிலிருந்தே வீடியோவில் விசாரணை நடத்தினாள். காப்புரிமை கேட்ட கம்பெனியின் வக்கீல் கோட்டுக்குள் வேர்க்க வேர்க்க முழங்கினார். நெட்வொர்க்கில் சேரும் கருவியிடம் பெயரே கேட்க வேண்டாமாம். எந்த நேரத்தில் யாரோடு பேசுகிறது என்பதை வைத்தே, தூரத்து சர்வரைத் தொந்தரவு செய்யாமல், பக்கத்திலிருக்கும் குட்டிக் கணினியே அது எந்தக் கருவி என்று அடையாளம் கண்டுவிடுமாம். "உலகத்துல யாருக்கும் தோணாத யோசனை மேடம்!"

வாசலில் கூரியர்காரன் கத்தினான். "சவரிநாதன் வீடு எதுங்க?"

அந்த ஊரில் தெருவுக்கு நாலு சவரிநாதன்.

"எந்தச் சவரிநாதன்?" என்றாள் அம்மா, அதைவிடச் சத்தமாக.

"தெரியலைங்க. போன் போட்டா பிஸியாவே இருக்கு."

"இந்நேரத்துக்கு பிஸின்னா துபாய் மககிட்ட பேசுற சவரிநாதன்தான். அங்கிட்டு, பச்சை கேட்டு வீடு."

வக்கீலின் முழக்கம் நின்றது. "யாரு மேடம் அது?"

"எங்கம்மாங்க. நல்லவேளை, அவங்க யோசனை இன்னும் அச்சுல வரல. நீங்க பேசுங்க."