நாலு ஓட்டையும் ஒரு நீளத் தையலும்

அப்பாவின் வயிற்றில் கட்டி தட்டுப்பட்டபோது அவரே அதற்குக் குடலேற்றம் (குடல் இடம் மாறிவிட்டதாக ஊரில் சொல்வது) என்று பெயர் வைத்தார். குற்றாலத்தில் முப்பது வருடமாக எண்ணெய் தேய்க்கிறவர். அத்தனை வயிறுகளை நீவியவரிடம் யார் மறுத்துப் பேசுவது? இரண்டு மாதம் எண்ணெய் போட்டு அழுத்தினார். மலத்தில் ரத்தம் வந்தபோது மூலம் என்றார்.

தென்காசியில் ஸ்கேன் எடுத்தோம். கொலோனோஸ்கோப்பியும் (ஆசனவாய் வழியாகக் கேமராக் குழாய் விட்டுப் பார்ப்பது) செய்தார்கள். பெருங்குடல் புற்றுநோய். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அறிக்கையை நானே படித்து அவரிடம் சொன்னேன்.

வயிற்றைத் திறந்து செய்யலாம், அல்லது நுண்துளை முறையில் (சிறு துளைகள் வழியாகக் கேமராவும் கருவியும் விட்டு) செய்யலாம் என்றார் டாக்டர். "உள்ள வெட்டி எடுக்கிறது ரெண்டுலயும் ஒண்ணுதாம்மா. துளை போட்டா வலி கம்மி, சீக்கிரம் நடமாடலாம். ஆனா இவருக்குக் கட்டி பெருசு, வயித்துச் சுவரோட ஒட்டின மாதிரி தெரியுது. திறந்து செய்றதுதான் எனக்குச் சரியாப் படுது."

அப்பாவுக்கு ஒரே கேள்விதான். "சாரலுக்குள்ள வேலைக்குப் போயிருவேன்லா?"

அருவியில் தண்ணீரும் கூட்டமும் வந்து அவருக்கு வருமானம் கிடைக்கிற சாரல் காலத்துக்கு மூன்று மாதம் இருந்தது. நான் போனில் நிறையப் படித்திருந்தேன். நுண்துளைதான் வேண்டும் என்று வாதாடினேன். முயன்று பார்க்கிறேன், முடியாவிட்டால் திறப்பேன் என்று டாக்டர் ஒப்புக்கொண்டார். அந்தப் பின்பாதியை அப்பாவிடம் நான் சொல்லவில்லை. "நாலு ஓட்டைதாம்ப்பா" என்றேன்.

பாதியில் திறக்க வேண்டியதாயிற்று.

கட்டு மாற்றும்போது அப்பா தலையைத் தூக்கிப் பார்த்தார். துளைகள் நான்கும் இருந்தன. தொப்புளுக்கு மேலிருந்து கீழ்வரை தையலும் இருந்தது.

"ஏட்டி, எண்ணிப் பாரு. நாலுதானா?"

நர்ஸ் சிரித்துவிட்டார். நான் எண்ணவில்லை.

கட்டியை முழுவதுமாக எடுத்துவிட்டார்கள். ஆனால் தையலில் சீழ் வைத்தது. ஆறிய இடத்தில் ஹெர்னியா (தசை விட்டுப்போய்க் குடல் புடைப்பது) வந்தது. கையூன்றி அழுத்தும் வேலை கூடாது என்றார் டாக்டர்.

சாரல் விழுந்ததும் அப்பா அருவிக்கரைக்கு வேலைக்குப் போனார். நான் பின்னாலேயே போய்த் தள்ளி நின்றேன். படுத்திருந்தவரின் முதுகில் அழுத்தியபோது அப்பாவின் வயிறு ஒரு பக்கமாகப் பிதுங்கியது. அந்த ஆள் திரும்பிப் பார்த்து எழுந்துவிட்டார். "அண்ணாச்சி, முதல்ல உமக்கு ஒரு ஆள் பாக்கணும் போலயே."

பக்கத்தில் தேய்த்துக்கொண்டிருந்தவர்கள் சிரித்தார்கள். அப்பாவும் சிரித்து, வயிற்றைக் காட்டினார். "எம் மவ படிச்சுப் பாத்துப் போட்ட தையலு. நல்லாப் பாத்துக்கிடும்வே."

படித்ததற்கு நான் வெட்கப்படவில்லை. நுண்துளை பலருக்கு நல்லதுதான். ஆனால் டாக்டர் "முடியாவிட்டால்" என்று சொன்னால், அதையும் நோயாளியிடம் சொல்லிவிடுங்கள். உடம்பு அவருடையது.

அப்பா இப்போது வீட்டில்தான் இருக்கிறார். வயிற்றைக் கையால் தாங்கிக்கொண்டு கழிவறைக்குப் போவார். தாழ்ப்பாள் திறக்கும்வரை நான் வெளியே நிற்பேன். பகல் முழுக்க இப்படியே போகிறது. உள்ளிருந்து துண்டு கேட்டால், எப்போதோ இறந்துபோன அம்மாவின் பெயரைத்தான் சொல்லிக் கூப்பிடுகிறார்.