வாயைப் பூட்டிக்கொண்டு லவாலில் இருந்து ஜான்-டலோனுக்கு

சென்ற சனிக்கிழமை லவாலில் இருந்து மொன்றியலுக்கு ஒரு சொல்லும் பேசாமல் போய்ச் சேர்ந்தேன். இமயமலையை முதுகில் கட்டிக்கொண்டு கடல் நீந்தியவர்களுக்கு மட்டும் இதன் கஷ்டம் புரியும்.

காரணம், எங்கள் பாட்டுக்குழு ரீச்சர். இங்கிலாந்துக்காரர். ஒரு வருடம் பாட்டுச் சொல்லிக்கொடுக்க வந்தவர், நாற்பது வருடம் தங்கிவிட்டார். பாட்டு அமைப்பவரும் அவரே. எங்கள் தொண்டைகளை ஒவ்வொன்றாகக் கேட்டு, தையற்காரர்போல அளவெடுத்துத்தான் எழுதுவார். மட்டக்களப்பில் விளைந்த என் தொண்டையையும் அளந்து, புதுப் பாட்டின் கடைசிச் சுரத்தைப் பாதாளத்தில் வைத்திருந்தார். குழுவில் வேறு எவருக்கும் அது எட்டாது. வரும் புதன்கிழமை அவர் ஊர் திரும்புகிறார். சனிக்கிழமை மொன்றியலில் நடந்ததுதான் அவருடைய கடைசிக் கச்சேரி.

நானோ முதல்நாள் ஒரு கல்யாணவீட்டில் மைக்கைப் பிடித்துத் தொண்டையைக் கிழித்துவிட்டேன். "பாடும்வரை வாய் திறக்கக்கூடாது" என்று ரீச்சர் போனில் கட்டளையிட்டார். "நடக்கிற காரியமா?" என்று என் மனைவி சிரித்தாள். அந்தச் சிரிப்பில்தான் வீரனானேன்.

லவாலின் மொன்மொரன்சி நிலையத்தில் ஆரஞ்சு வழி மெட்ரோ. மொன்றியல் தீவுக்குள் மட்டும் செல்லும் ரிக்கெற் இங்கே எடுபடாது, பார்த்து வாங்குங்கள். ஏழாவது நிறுத்தம் ஜான்-டலோன்; ஏறக்குறையக் கால்மணி நேரம். அங்கிருந்து சந்தைக்கு நடந்தே போகலாம். ரீச்சருக்குப் பூ வாங்கினேன். பூக்காரி "பொன்ஷூர்" என்றாள். இந்த ஊரில் அதற்குப் பதில் சொல்லாதவன் கொலைகாரனுக்கும் கீழே. அரைவாசிப் பரதநாட்டியம் ஆடி வணக்கம் தெரிவித்தேன்.

அங்கேதான் சிவம் என்னைப் பிடித்தான். யாழ்ப்பாணத்தான், பழைய கூட்டாளி.

"என்ன அண்ணை, வாய்க்குப் பூட்டோ?"

தொண்டையைத் தொட்டுக் காட்டினேன். அவன் முகம் மலர்ந்தது.

"அப்ப கேளுங்கோ. உங்கட மட்டக்களப்புத் தயிர் எங்கட தயிருக்குக் கிட்டவும் வராது. ஓமோ, இல்லையோ?"

இதைவிடச் சின்னக் காரணங்களுக்கு உலகப்போர் மூண்டிருக்கிறது. பூங்கொத்தைக் கடித்துக்கொண்டு நடந்தேன்.

"கதைக்காட்டி ஒத்துக்கொண்ட மாதிரித்தான் அண்ணை!" என்று பின்னால் கத்தினான்.

கச்சேரி மண்டபத்தில், புதுப் பாட்டின் முடிவில், மற்றக் குரல்கள் ஒவ்வொன்றாக அடங்கின. ரீச்சரின் கை என் பக்கம் நீண்டது. சுரம் வந்தது. செயின்ற் லோரன்ஸ் ஆறு நின்று கேட்டிருக்கும். மூச்சு முடியும்வரை பிடித்தேன். அதுவரை அவர் கையை இறக்கவேயில்லை.

பிறகு அருகில் வந்து, நான் எப்போதோ சொல்லிக்கொடுத்த தமிழில், "இனிக் கதைக்கலாம்" என்றார். தலையை ஆட்டி மறுத்தேன். புதன்கிழமை விமான நிலையத்தில் அந்தச் சுரத்தை அவருக்கு இன்னொரு முறை பாடுவதென்று முடிவெடுத்துவிட்டேன்.

வழியனுப்பப் போகிறவர்களுக்கு: ஆரஞ்சு வழியில் லியோனல்-க்ரூவில் இறங்கி விமான நிலையம் போகும் 747 பேருந்து எடுங்கள். சந்தையில் கூட்டாளிகள் நிற்கும் பக்கம் தலை காட்டாதீர்கள்.

புதன்வரை எனக்கு விரல்கள்தான் வாய். சிவம், நீ இதை வாசிப்பாய். நான் ஒத்துக்கொள்ளவில்லை. தயிரென்றால் மட்டக்களப்புத் தயிர்தான்.