ஓடைக்குப் போகாத பாட்டில்கள்

குப்பை டீச்சர் என்றால் அந்தப் பள்ளிக்கூடத்துக் காவலாளிக்கும் தெரியும், எதிர்ச்சாரியில் ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவருக்கும் தெரியும். பெற்றவர்கள் வைத்த பெயர் என்ன என்று கேட்டால்தான் எல்லாரும் தலையைச் சொறிவார்கள். வேலைக்குச் சேர்ந்த புதிதில், மக்குகிற குப்பை எது, மக்காத குப்பை எது என்று காட்டுவதற்காக வகுப்புக் கூடையை மேசைமேல் கவிழ்த்துக் கொட்டினார். பாடம் ஒரு பிள்ளைக்கும் நினைவில் தங்கவில்லை. பெயர் மட்டும் பசை போட்டதுபோல் ஒட்டிக்கொண்டது. அதற்காக டீச்சர் முகம் சுளித்ததில்லை. ஆண்டவன் ஒவ்வொருத்தருக்கும் ஒரு வேலையைக் கையில் கொடுத்து அனுப்புகிறான், நமக்குக் குப்பையைக் கொடுத்திருக்கிறான் என்று சிரித்துக்கொள்வார்.

சிரிப்பு வராத விஷயம் ஒன்று உண்டு. அது வியாழக்கிழமை கடைசிப் பீரியட்.

பத்தாம் வகுப்புக்குச் சுற்றுச்சூழல் பாடம் வாரத்துக்கு ஒரே ஒரு பீரியட். பெரிய பரீட்சையில் அதற்கு மார்க் கிடையாது. மார்க் இல்லாத பாடம் கதவில்லாத வீடு மாதிரி, போகிறவர் வருகிறவர் எல்லாம் உள்ளே நுழைந்துவிடுவார்கள். அடிக்கடி நுழைந்தவர் கணக்கு சார். டீச்சர் கரும்பலகையில் தலைப்பை எழுதி முடிக்குமுன்பே கதவில் இரண்டு தட்டு விழும்.

"டீச்சர், ஒரே ஒரு கணக்கு. முடிச்சுட்டுப் போயிடறேன்."

அந்த ஒரே கணக்கு பள்ளிக்கூடம் விடுகிறவரைக்கும் முடியாது. டீச்சர் "சரி சார்" என்று சாக்பீஸை வைத்துவிட்டு, ஆசிரியர் அறையில் போய் உட்கார்ந்து ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருப்பார். கழுதை தேய்ந்து கட்டெறும்பு ஆன கதையாக, காடு, மலை, ஆறு, காற்று என்று ஆரம்பித்த பாடத்திட்டம் ஆண்டு முடிவில் ஓசோன் படலத்தில் வந்து நின்றுவிடும். அதிலும் பாதிதான்.

இந்த வருஷம் தலைமை ஆசிரியர் கூப்பிட்டு அனுப்பினார். மெதுவாகப் பேசுகிற மனுஷர். மெதுவாகவே கழுத்தை அறுக்கத் தெரிந்தவர்.

"டீச்சரம்மா, கல்வி அதிகாரி பார்வையிட வர்றார். உங்க பாடத்துல அவருக்குக் காட்டற மாதிரி ஏதாவது செஞ்சு வைங்க. ஒண்ணும் இல்லேன்னா, அந்தப் பீரியடைக் கணக்குக்கே எழுதிக் குடுத்துடறேன். உங்களுக்கும் அலைச்சல் மிச்சம்."

வீட்டுக்காரர் மிக்ஸி, மின்விசிறி பழுது பார்க்கிற கடை வைத்திருக்கிறார். அன்று சாயந்திரம் அவரிடம் சொன்னபோது, கழற்றிப் போட்ட மோட்டாரிலிருந்து தலையைத் தூக்காமலே சொன்னார்.

"விட்டுக் குடுத்துடேம்மா. தொண்டையாவது மிச்சமாகும்."

"ஏங்க, உங்க கடைய வாரத்துல ஒரு நாள் பக்கத்துக் கடைக்காரருக்கு விட்டுக் குடுப்பீங்களா?"

"அவன் கேக்கலியே."

"கேட்டா?"

"அவன் மிக்ஸியையே நான்தான் பாக்கறேன். அவன் என்னத்தக் கேக்கப் போறான்?"

இந்த மனுஷரிடம் நியாயம் கேட்பதும் ஓட்டைக் குடத்தில் தண்ணீர் சேந்துவதும் ஒன்று என்று டீச்சர் அடுப்பங்கரைக்குப் போய்விட்டார். ஆனால் தண்ணீர் என்று நினைத்ததும் ஒரு யோசனை பிறந்தது. நாத்தனாருக்குத் தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. உடனே போனைப் போட்டார்.

நாத்தனார் ஒரு அட்டைப் பெட்டி நிறையச் சின்னக் கண்ணாடிப் பாட்டில்களைக் கொடுத்தனுப்பினாள். விரல் நீளம்தான் இருக்கும். உள்ளே மருந்தில் தோய்த்துக் காயவைத்த காகிதத் துண்டு. கோடு வரைக்கும் தண்ணீர் ஊற்றி, மூடி, வெதுவெதுப்பான இடத்தில் வைக்க வேண்டும். கழிவு கலந்த தண்ணீராக இருந்தால் இரண்டொரு நாளில் மை மாதிரி கறுத்துவிடும். நல்ல தண்ணீர் நிறம் மாறாது.

வியாழக்கிழமை டீச்சர் பாட்டில்களை ஆளுக்கு ஒன்றாகக் கொடுத்தார். அன்றைக்குக் கணக்கு சாருக்குக் காய்ச்சல், ஆண்டவன் அனுப்பிய காய்ச்சல். பள்ளிக்குப் பின்னால் ஓடுகிற ஓடையில் சிலர், தெருமுனைக் கிணற்றில் சிலர், வீட்டுக் குழாயில் சிலர், கடையில் விற்கிற தண்ணீர் ஒருத்தர் என்று பிரித்துவிட்டார். எங்கே பிடித்தது என்று சீட்டு ஒட்ட வேண்டும். எந்தத் தண்ணீர் கறுக்கிறது, எது கறுக்கவில்லை என்று வரிசையாக அடுக்கி வைத்தால் அதிகாரி ஒரே பார்வையில் புரிந்துகொள்வார். பீரியடும் பிழைத்துவிடும்.

"டீச்சர், ஓடைக்குள்ள இறங்கணுமா?" என்றான் நெட்டைக்கொக்கு. வகுப்பிலேயே உயரமானவன்.

"கரையில குனிஞ்சு பிடிச்சாப் போதும்ப்பா."

"எனக்குக் குனிஞ்சா இடுப்பு வலிக்கும் டீச்சர்."

"உனக்குக் குனியவே வேணாம்டா, கைய நீட்டினாலே ஓடைக்கு எட்டும்" என்றாள் ரேடியோ. அந்தப் பெண்ணின் வாய் ஓய்ந்து ஒருத்தரும் பார்த்ததில்லை. வகுப்பு சிரித்தது. டீச்சரும் சேர்ந்து சிரித்தார். தன் பாடத்தில் பிள்ளைகள் சிரித்து எத்தனையோ நாளாயிற்று.

மறுநாள் காலையில் எல்லாப் பாட்டிலும் ஒழுங்காக வந்து சேர்ந்தது. ஒன்றுகூடக் குறையவில்லை. அப்போதே டீச்சருக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். இந்தப் பிள்ளைகள் சொன்ன வேலையை ஒரே நாளில் செய்ததாகச் சரித்திரமே கிடையாது. ஆனால் மனசு குளிர்ந்திருக்கும்போது கண் கொஞ்சம் மங்கித்தான் போகும். வீட்டில் கொதிக்க வைத்து ஆறிய தண்ணீரைத் தானும் ஒரு பாட்டிலில் ஊற்றி, எல்லாவற்றோடும் சேர்த்து ஆய்வுக்கூட அலமாரியில் வைத்துப் பூட்டினார்.

திங்கட்கிழமை திறந்து பார்த்தால் அத்தனையும் கறுப்பு. ஓடைத் தண்ணீர் கறுப்பு, கிணற்றுத் தண்ணீர் கறுப்பு, வீட்டுக் குழாய் கறுப்பு. சீல் வைத்த கடைத் தண்ணீர் என்று சீட்டு ஒட்டியதும் கறுப்பு. டீச்சருடைய பாட்டில் மட்டும் நடுவில் பளிச்சென்று இருந்தது.

டீச்சர் உடனே நாத்தனாருக்குப் போன் போட்டார்.

"மருந்து பழசா இருக்குமோ?"

"அண்ணி, மருந்து கெட்டுப் போயிருந்தா உங்க பாட்டில் மட்டும் எப்படி நல்லா இருக்கும்? புள்ளைங்களக் கேளுங்க, எங்க பிடிச்சாங்கன்னு."

பாட்டில்களைப் பெட்டியோடு வகுப்புக்குக் கொண்டுபோய் மேசைமேல் வைத்துக் கேட்டார். வகுப்பு கரும்பலகையைப் பார்த்தது, கூரையைப் பார்த்தது, ஒருத்தர் முதுகை ஒருத்தர் பார்த்தது. ரேடியோவால் மட்டும் அடக்க முடியவில்லை.

"ஓடைக்கு யாரும் போகல டீச்சர். சைக்கிள் நிறுத்தற இடத்துக்குப் பக்கத்துல குழாய் இருக்கில்ல, அங்கதான் எல்லாரும் பிடிச்சோம். நெட்டைதான் யோசனை சொன்னான்."

"யோசனைதான் சொன்னேன்! பிடிச்சது நீங்கதானே?"

"கடைத் தண்ணியுமா?" என்றார் டீச்சர்.

"கடைத் தண்ணியத் தாகத்துல குடிச்சுட்டேன் டீச்சர்" என்றது பின்வரிசையிலிருந்து ஒரு குரல்.

டீச்சருக்கு உடம்பெல்லாம் எரிந்தது. ஒரு நாள், ஒரே ஒரு நாள் ஒழுங்காக நடந்ததென்று நினைத்தாரே! "உங்களுக்கு வெக்கமா இல்ல? ரெண்டு எட்டு நடக்க முடியாம, எல்லாரும் போய் ஒரே குழாய்ல பிடிச்சுட்டு, அதுல ஓடைன்னும் கிணறுன்னும் பொய் எழுதி ஒட்டி... தினம் நாமெல்லாம் குடிக்கிற அந்தக் குழாய்ல..."

வாய் அங்கேயே நின்றுவிட்டது. பெட்டியைப் பார்த்தார். பிறகு ஜன்னல் வழியாக, இடைவேளைக்கு முந்தி வந்துவிட்ட சின்ன வகுப்புப் பிள்ளைகள் அந்தக் குழாயில் வாயை வைத்துக் குடிப்பதைப் பார்த்தார்.

பெட்டியைத் தூக்கிக்கொண்டு தலைமை ஆசிரியர் அறைக்கு நடந்தார், இல்லை, ஓடினார்.

அவர் ஒரு பாட்டிலை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

"புள்ளைங்க பிடிச்சது டீச்சரம்மா. கைய எங்கெங்க வச்சாங்களோ."

"ஒண்ணு ரெண்டு கறுத்தா அப்படிச் சொல்லலாம் சார். எல்லாமே கறுத்திருக்கு."

"அதிகாரி வர்ற வாரம் இது. குடிக்கிற தண்ணி சரியில்லைன்னு வெளிய போனா பள்ளிக்கூடம் நாறிப் போயிடும். இத ஊத்திட்டு, வேற நல்லதா நாலு பாட்டில் செஞ்சு வைங்க. உங்க பீரியடுக்கு நான் ஆச்சு." கதவு வரைக்கும் கூடவே வந்து வழியனுப்பினார். அதுதான் டீச்சருக்குத் தாங்கவில்லை. கத்தியிருந்தால் திருப்பிக் கத்தலாம்.

பீரியட் வேண்டுமென்றால் வாயை மூட வேண்டும். வாயைத் திறந்தால் பீரியட் போய்விடும். இதற்கு நடுவில் நூற்றுக்கணக்கான பிள்ளைகளின் வயிறு. டீச்சர் ஆண்டவனைக் கூப்பிட்டார். அவன் உடனே வந்து பதில் சொல்கிறவன் இல்லை என்பது அவருக்குத் தெரியும். குழாயடிக்குப் போய்ச் சுவரில் சாக்பீஸால் பெரிதாக, 'குடிக்காதீர்கள்' என்று எழுதினார். இடைவேளை மணி அடித்தது. பிள்ளைகள் ஓடி வந்தார்கள். எழுத்துக்கூட்டி உரக்கப் படித்தார்கள். படித்துக்கொண்டே குடித்தார்கள்.

"டேய், எழுதியிருக்குல்ல!"

"சும்மா எழுதியிருக்கு டீச்சர், தண்ணி நல்லாத்தான் இருக்கு."

மத்தியானத்துக்குள் யாரோ ஈரத்துணியால் அந்த எழுத்தையும் துடைத்துவிட்டார்கள்.

ஆசிரியர் அறைக்கு வந்தால், கணக்கு சார் காய்ச்சல் விட்டு வந்து, கூஜாவிலிருந்து டம்ளரில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார்.

"என்ன டீச்சர், குப்பை முடிஞ்சு இப்போ தண்ணிக்கு வந்தாச்சா? சுவத்துல எல்லாம் எழுதறீங்களாம்?"

டீச்சர் பெட்டியிலிருந்து கறுத்த பாட்டில் ஒன்றை எடுத்து அவர் டம்ளருக்குப் பக்கத்தில் வைத்தார்.

"இது என்ன? மையா?"

"சைக்கிள் பக்கத்துக் குழாய்த் தண்ணி சார். உங்க கூஜாவுக்கும் அங்கதான் பிடிக்கிறாங்க."

கணக்கு சார் பாட்டிலைப் பார்த்தார், டம்ளரைப் பார்த்தார். கூட்டிக் கழித்துப் பார்க்க அவருக்கு ரொம்ப நேரம் பிடிக்கவில்லை. கை தானாக வயிற்றுக்குப் போயிற்று.

"அடப்பாவிகளா! அதான் மாசக்கணக்கா நான் நிக்கவும் முடியாம உக்காரவும் முடியாம அல்லாடிட்டு இருக்கேனா? டாக்டர் என்னடான்னா எண்ணெய்ப் பண்டத்த நிறுத்துங்கறார்!"

நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தவர் போட்ட சத்தம் அடுத்த கட்டடத்துக்குக் கேட்டது. டீச்சர் பெட்டி நிறையக் கொண்டுபோனபோது அசையாத தலைமை ஆசிரியர், கணக்கு சாரின் வயிற்றுக்கு அசைந்தார். அன்று சாயந்திரமே ஆள் மொட்டை மாடிக்கு ஏறினான். குழாய்க்குத் தண்ணீர் போகிற தொட்டிக்குள் புறா இறகு, எச்சம், கூடு கட்டிய குச்சி. தொட்டிக்கு மூடியே இல்லை.

மூடி எங்கே என்று தேட வேண்டிய அவசியமும் இருக்கவில்லை. போன அறிவியல் கண்காட்சியில் முதல் பரிசு வாங்கிய சூரியக் குடும்ப மாதிரி, தலைமை ஆசிரியர் அறை மூலையில் கண்ணாடிக்குள் இருந்தது. சூரியனும் கிரகங்களும் அந்தக் கறுப்பு வட்ட மூடியின்மேல்தான் ஜம்மென்று சுற்றிக்கொண்டிருந்தன.

தொட்டியைக் கழுவினார்கள், மருந்து போட்டார்கள், கிரகங்களை இறக்கிவிட்டு மூடியை மூடினார்கள். அதிகாரி வந்தார். தலைமை ஆசிரியர் அவரை மாடிக்கே அழைத்துப் போய், "தண்ணி விஷயத்துல நாங்க எப்பவும் ரொம்பக் கவனம் சார்" என்றார். அதிகாரி மெச்சினார், டீ குடித்தார், போனார். பாட்டில் பெட்டி அலமாரியை விட்டு வெளியே வரவேயில்லை. பீரியட் என்ன ஆயிற்று என்று கேட்டால், "பார்க்கலாம் டீச்சரம்மா" என்று ஒரே பதில்.

வியாழக்கிழமை வந்தது. டீச்சர் கரும்பலகைப் பக்கம் திரும்பினார். கதவில் இரண்டு தட்டு.

"டீச்சர், ஒரே ஒரு கணக்கு."

டீச்சருக்குத் தன் காதையே நம்ப முடியவில்லை. "சார், திங்கக்கிழமைதானே அந்தத் தொட்டி விஷயத்துல நீங்களே..."

"தொட்டி வேற, போர்ஷன் வேற டீச்சர். அதிகாரி வந்துட்டுப் போயாச்சு. இனிமே இந்தப் பீரியட்ல என்ன இருக்கு?"

பழகின 'சரி சார்' தொண்டை வரைக்கும் வந்தது. டீச்சர் அதை முழுங்கினார். கையிலிருந்த சாக்பீஸ் இரண்டாக ஒடிந்தது.

"இல்ல சார். இது என் பீரியட்."

கணக்கு சார் கதவைவிட்டு ஓரடி பின்வாங்கினார். "அப்போ நான் ஹெச்செம் கிட்ட எழுதி வாங்கிட்டு வரேன்."

"வாங்கிட்டு வாங்க சார்."

அவர் போனதும் டீச்சர் வகுப்பைப் பார்த்துத் திரும்பினார். பிள்ளைகள் தன்னைப் பெருமையாகப் பார்ப்பார்கள் என்று எங்கோ ஓர் ஓரத்தில் ஆசை இருந்தது.

"போச்சுடா" என்றான் நெட்டைக்கொக்கு. "கணக்கு நடத்தியிருந்தா வீட்டுப்பாடமாவது இங்கயே முடிஞ்சிருக்கும்."

சுவரில் முட்டிக்கொள்ளலாம்போல் இருந்தது. இந்தப் பீரியடுக்கா இவ்வளவு சண்டை? டீச்சர் நாற்காலியில் உட்கார்ந்தார். "செய்முறைக்கு மார்க் சொல்றேன். எல்லாருக்கும் பூஜ்யம்."

வகுப்பு வெடித்தது. "டீச்சர்! எங்களாலதானே கண்டுபிடிச்சீங்க!" "ஓடைக்குப் போயிருந்தா தொட்டி விஷயம் தெரிஞ்சிருக்குமா?" "பரிசு குடுக்கணும் டீச்சர், பூஜ்யமா?"

"பொய் எழுதி ஒட்டினதுக்குப் பரிசா? திருடப் போன வீட்டுல தீய அணைச்சுட்டா திருடன் திருடன் இல்லைன்னு ஆயிடுமா?"

"சரி டீச்சர்" என்று ரேடியோ எழுந்து நின்றாள். "தீ அணைச்சதுக்கு அவனுக்கு ஒண்ணுமே கிடையாதா? அப்போ அடுத்த தடவை அவன் எரியட்டும்னு போயிடுவானே!"

"அப்படிப் போனா ஊரே எரியும்டி" என்றான் நெட்டைக்கொக்கு. "ஆனா அவன விட்டா திருடிட்டே இருப்பான். டீச்சர் சொல்றதும் சரிதான்."

"நீ யார் பக்கம்டா?"

டீச்சர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். இத்தனை வருஷத்தில் இந்தப் பாடத்தில் ஒரு பிள்ளை எழுந்து நின்று தன்னோடு வாதாடியதில்லை. ஜன்னல் வழியாகப் பார்த்தார். தாழ்வாரக் கோடியில் கணக்கு சார் முன்னால் வர, தலைமை ஆசிரியர் பின்னால் மெதுவாக நடந்து வந்துகொண்டிருந்தார்.

டீச்சர் எழுந்து போய் வகுப்புக் கதவைச் சாத்தி, தாழ்ப்பாளைப் போட்டார்.

"சொல்லு" என்றார் ரேடியோவிடம். "அந்தத் திருடனுக்கு என்ன மார்க்? காரணத்தோட சொல்லு. சீக்கிரம்."