கேட்காமல் கொடுத்த பணம்

யார் வீட்டுக்குப் போனாலும் டைல்ஸ்காரரின் கண் முதலில் தரையில்தான் விழும். காபியை வாங்கிக்கொண்டே குதிகாலால் ஒரு கல்லைத் தட்டிப் பார்ப்பார். அடியில் பொள்ளல் சத்தம் கேட்டால் முகம் சுருங்கும். வீட்டுக்காரர் கேட்டாலொழிய வாய் திறக்கமாட்டார். கேட்டுவிட்டாலோ நிறுத்தமாட்டார்.

ஒல்லியான ஆள். மண்டியிட்டு மண்டியிட்டு முழங்கால் தோல் செருப்புத் தோலாகிவிட்டது. செலவு என்றால் கை நீளாது. "எச்சில் கையால காக்கா ஓட்டமாட்டார்" என்பது மச்சான் கொடுத்திருக்கும் சான்றிதழ்.

அப்படிப்பட்டவர், வீட்டுக்கடன் வாங்கப் போன இடத்தில் வங்கி கட்டாயப்படுத்தாத பணத்தைத் தானே எடுத்து நீட்டினார். கடன் பிரிவில் இருந்த பெண் இரண்டு வழி சொன்னாள். வழக்கமான வட்டியில் வாங்கலாம். அல்லது தொடக்கத்திலேயே ஒரு தொகையைத் தனியாகக் கட்டிவிட்டால் கடன் தீரும் வரை வட்டி குறைவு. "அந்தத் தொகை அசல்ல கழியாது சார். ஆறேழு வருஷம் தாண்டினாத்தான் உங்களுக்கு லாபம். நடுவுல வீட்டை வித்துட்டா நஷ்டம்" என்றும் ஒளிக்காமல் சொன்னாள்.

அவர் கையில் இருந்ததோ, வேன் வாங்கச் சேர்த்த பணம். வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னார். ஹோட்டல் சலவைப் பிரிவில் துணி தேய்க்கும் அவர், மடித்துக்கொண்டிருந்த சட்டையைக் கீழே வைக்காமலே கேட்டார்: "நாம எங்கயாவது போகப் போறோமா?"

"இல்லையே."

"அப்புறம் என்ன? ஸ்கூட்டர் ஓடுதில்ல?"

மறுநாளே கட்டினார். மச்சான் தலையில் அடித்துக்கொண்டார். "கிணத்துல கல்லைப் போட்டுட்டு வந்திருக்கீங்க மாமா."

அதன்பின் மழையோ வெயிலோ, பசை மூட்டை பின்சீட்டில், கல் வெட்டும் மெஷின் கால்களுக்கு நடுவில். வேனில் போகிறவர்களைப் பார்த்தால் மட்டும் ஹெல்மெட் கண்ணாடியை இறக்கிக்கொள்வார்.

மூன்றாம் வருஷம் சாரத்திலிருந்து விழுந்து மணிக்கட்டு முறிந்தது. மாதக்கணக்கில் வேலை இல்லை. மனைவியின் சம்பளத்தில் தவணை போக மிச்சம் கொஞ்சம்தான். ஆனால் தவணை ஒருமுறைகூடத் தவறவில்லை. வட்டி குறையாமல் இருந்திருந்தால் அந்தச் சம்பளம் எட்டியிருக்காது. கட்டுப் போட்ட கையோடு வாசலில் நின்று, போகிறவர் வருகிறவரிடமெல்லாம் சொன்னார்: "முன்னாடியே கொடுத்தேன். இப்போ நிம்மதியா நிக்கிறேன். முடிவு எடுத்தது அவதான், பணம்தான் என்னுது." உள்ளேயிருந்து, "பாதி என்னுது" என்று குரல் வரும்.

வங்கிப் பெண் சொன்ன ஆறேழு வருஷமும் போன மாதத்தோடு தாண்டிவிட்டது. மனிதர் நெஞ்சு நிமிர்ந்து நடப்பதைப் பார்த்தால் அந்தத் தெருவுக்கே கடன் கொடுத்தவர் போலிருக்கும்.

சென்ற ஞாயிறு மச்சான் ஒரு தரகரோடு வந்தார். "நல்ல விலை மாமா. வித்துட்டுப் பெரிசாப் பார்க்கலாம்." தரகர் தொகையைச் சொன்னார். அதையும் ஏற்றிச் சொன்னார்.

டைல்ஸ்காரர் மரியாதையாகக் கேட்டுக்கொண்டார். பிறகு மனைவி பக்கம் திரும்பி, "மகளோட பட்டமளிப்புப் போட்டோவை எங்க மாட்டணும்னு சொன்ன?" என்றார். மனைவி கூடத்துச் சுவரில் விரல் வைத்துக் காட்டினார். தரகர் பேசிக்கொண்டே இருக்க, டைல்ஸ்காரர் துளைபோடும் மெஷினை அந்த இடத்தில் அழுத்தி, விசையைத் தட்டினார்.