ஒன்பது வெற்றிலை நேரம்

கொட்டாரம் தந்தி ஆபீசில் நான் வேலை பார்த்தபோது, உப்புப் பூத்த புருவத்தோடு ஒரு மீனவர் வந்தார். மனைவி இறந்ததைச் சிங்கப்பூரிலிருக்கும் மகனுக்குத் தெரிவிக்க வேண்டும். தூரத்தை வெற்றிலை போடும் நேரத்தால் அளப்பவர் அவர்.

“பிளேன் மெட்ராசுக்கு வர எத்தன வெத்தல நேரம், மக்கா?”

தூரத்தை அந்தக் காலத்து விசிறி விமானத்தின் வேகத்தால் வகுத்தேன். “மணிக்கு ஒண்ணு போட்டா ஒன்பது. நாளைக்கு மதியம் மகன் அம்மா முகத்தைப் பாத்துருவாரு” என்றேன்.

மெட்ராசிலிருந்து வரும் ரயிலையும் பஸ்ஸையும் நான் கூட்டவில்லை. அவர் வீட்டார் மறுநாள் சாயங்காலம்வரை காத்திருந்தார்கள். உடல் தாங்காமல், பெட்டியை மூடி அடக்கினார்கள். மகன் அதற்கடுத்த நாள் வந்தான்.

பிறகு ஒருநாள் அவனையும் கூட்டிக்கொண்டு வந்தார். “பிளேன் கணக்கு சொன்ன படிச்ச பிள்ள இதுதாம்ல. பிளேன் அந்த நேரத்துக்கு வந்துச்சா, இல்லியா?”

மகன் தரையைப் பார்த்தபடி, “வந்துச்சு” என்றான்.

அவர் என் கணக்கை நம்பினாரா, தப்பு தெரிந்தும் மகன் முன்னால் என்னைக் காப்பாற்றினாரா என்று இன்றும் எனக்குத் தெரியாது.