அன்று அந்தக் கார் ஏன் கிளம்பவில்லை

அண்ணன் கர்த்தருக்குள் நித்திரையடைந்து ஓராண்டு நிறைகிறது. இந்த ஆலய மலருக்கு எழுதும்படி அண்ணி கேட்டபோது, "காரப் பத்தி மட்டும் வேணாம் தம்பி" என்றார். பிறகு அவரே மனம் மாறினார். ஆகவே காரைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

செங்கல்பட்டில் பிறந்து, சிறுவயதிலேயே தந்தையை இழந்து, தம்பி தங்கையைப் படிக்கவைத்து, தாம்பரத்தில் கணக்கு ஆசிரியராக ஓய்வு பெற்றவர் அண்ணன். யாரையும் கடிந்து பேசியதில்லை. நான் அறுபது மதிப்பெண் வாங்கியபோதுகூட, "மீதி நாப்பது எங்கப்பா போச்சு?" என்று அக்கறையாகத்தான் விசாரித்தார். அவருடைய ஒரே ஆடம்பரம் ஒரு பழைய வெளிர்நீலக் கார். எந்த மெக்கானிக்கையும் அதைத் தொட விட்டதில்லை.

அன்று காலை சாப்பாட்டு மேசையில் அண்ணனுக்கு நெஞ்சு வலித்தது. ஓட்டத் தெரிந்த அண்ணி அவரைப் பின்சீட்டில் உட்காரவைத்துச் சாவியைத் திருப்பினார். எஞ்சின் சுற்றியது, பிடிக்கவில்லை. மறுபடியும், மறுபடியும். தெருவில் போன ஆட்டோக்காரர் சத்தம் கேட்டு உள்ளே வந்து, "அத்த வுடும்மா, சாரப் புடி, ஏறு" என்று இருவரையும் ஏற்றிக்கொண்டார். மருத்துவமனை வாசலில் அண்ணனின் மூச்சு நின்றது.

அடக்கத்துக்கு வந்தவர்களில் சிலர், "அவசரத்துல சோக்க ரொம்ப இழுத்திருப்பா, எஞ்சின்ல பெட்ரோல் ஓவராகி பிடிக்காம போயிருக்கும்" என்று பேசிக்கொண்டது அண்ணியின் காதில் விழுந்தது. அதன்பின் கார் நிற்கும் பக்கத்து ஜன்னலை அவர் திறக்கவேயில்லை.

"ராத்திரில அது சுத்துற சத்தம் கேக்குது தம்பி. பிடிக்கவே மாட்டேங்குது."

ஆறுதல் சொல்லப் பார்த்தேன். "நீங்க பேசுனா இன்னும் சத்தமா கேக்குது" என்றார்.

பேச்சு பலிக்காததால் பானட்டைத் திறந்தேன். எஞ்சினை நான் புத்தகத்தில் கற்றவன், நீச்சலையும் அப்படித்தான். பேட்டரியை சார்ஜ் செய்து மாட்டிவிட்டு ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்தேன். பின்னால் பார்க்கும் கண்ணாடியில் சாலை தெரியவில்லை. அது பின்சீட்டை நோக்கித் தாழ்ந்திருந்தது. அன்று அண்ணி திருப்பிவைத்தது. நான் அதைத் தொடவில்லை.

பெட்ரோலைப் பற்றவைக்கும் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, ஒயரோடு எஞ்சின்மேல் படும்படி வைத்தால், சாவியைத் திருப்பும்போது பொறி பறக்க வேண்டும். அண்ணியைக் கூப்பிட்டேன்.

"அந்தச் சாவிய நான் தொட மாட்டேன்."

செல்போனைப் பிளக்குக்கு எதிரே சாய்த்து வீடியோ ஓடவிட்டு, நானே திருப்பிவிட்டு வந்து பார்த்தேன். பொறி இல்லை. புதுப் பிளக்கிலும் இல்லை. பிளக்குக்கு மின்சாரம் தரும் காயிலிலிருந்து வரும் தடித்த ஒயரிலும் இல்லை. காயிலில் ஒரு சிறு பல்பை இணைத்தேன். எஞ்சின் சுற்றும்போது அது விட்டுவிட்டு எரிய வேண்டும், இமைக்காமல் எரிந்தது. அப்படியென்றால் பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பங்கிடும் டிஸ்ட்ரிபியூட்டருக்குள் தொட்டுத் தொட்டுப் பிரிய வேண்டிய இரண்டு உலோக முனைகள் தொடவே இல்லை.

மூடியைத் திறந்தேன். முனைகளுக்கு நடுவே ஒரு மெல்லிய அட்டைத் துண்டு. கல்யாணப் பத்திரிகையின் ஓரம். முனைகளில் படியும் கரியை அண்ணன் அதை நுழைத்துத்தான் துடைப்பார். நம் குடும்பத்தில் அழைப்பிதழ்களுக்குப் பஞ்சமில்லை.

அண்ணி அதைக் கையில் வாங்கி வெகுநேரம் பார்த்தார்.

"பானட்டத் திறந்து வெச்சிருந்தார். டிபன் சாப்பிட வாங்கன்னேன். தூசி விழுமேன்னு, இத எடுக்காமயே மூடிய மாட்டிட்டு வந்திருக்கார்."

"யார் திருப்பியிருந்தாலும் கிளம்பியிருக்காது அண்ணி. அண்ணனே திருப்பியிருந்தாலும்."

"அப்போ அவர் மேல கோவப்படலாமா தம்பி?"

"தாராளமா."

முப்பதாண்டு மணவாழ்வில் முதன்முறையாக அண்ணி அண்ணனைத் திட்டினார். ஆலய மலரில் அச்சிடத் தக்க வார்த்தைகள் அல்ல. பிறகு அழுதார்.

துண்டை எடுத்ததும் கார் முதல் சுற்றிலேயே பிடித்தது.

அந்த ஆட்டோ ஓட்டுநருக்கும், போதகர் ஐயாவுக்கும், பெருங்களத்தூரிலிருந்து வந்து அண்ணியோடு தங்கிய எங்கள் தங்கைக்கும் நாங்கள் கடன்பட்டவர்கள். இன்று விருந்துக்கு வரும் உறவினர்களிடம் ஒரு வேண்டுகோள். கார் ஏன் கிளம்பவில்லை என்று அண்ணியிடம் இனி கேட்காதீர்கள். என்னிடம் கேளுங்கள். பிளக்கில் தொடங்கி விளக்குவேன். இரண்டாம் முறை கேட்க மாட்டீர்கள்.

ஞாயிறு ஆராதனை முடிந்து வந்ததும் அண்ணி இப்போது காரைக் கிளப்புகிறார். ஓட்டுவதில்லை. எஞ்சின் பிடித்ததும் இறங்கி, சுற்றி வந்து, இடப்பக்க இருக்கையில் உட்கார்ந்து கதவைச் சாத்திக்கொள்கிறார். அண்ணன் ஏறும் வலப்பக்கக் கதவைத் திறந்தே விடுகிறார்.