எண்ணெய்த் தலையும் தண்ணீர் வண்டியும்

அந்த வாரம் முழுக்க எங்கள் மயிலாப்பூர் தெருக் குழாய்களில் காற்றுதான் வந்தது. வெள்ளிக்கிழமை லாரி வரும் என்றார்கள். அதை நம்பிப் பெண்கள் எல்லோரும் தலையில் எண்ணெய் வைத்துக்கொண்ட பிறகுதான் தெரிந்தது, லாரி வரப்போவதில்லை என்று. சும்மா இருப்பார்களா? காலிக் குடங்களோடு போய் மெயின் ரோட்டை மறித்தார்கள். முன்வரிசையில் என் மனைவி, நெற்றியில் வழிந்த எண்ணெயை முந்தானையால் துடைத்தபடி உட்கார்ந்திருந்தாள்.

இன்ஸ்பெக்டர் சொல்லிப் பார்த்தார், கெஞ்சிப் பார்த்தார். கடைசியில், தேனாம்பேட்டையில் ஏதோ ஊர்வலத்துக்காக நிறுத்தியிருந்த தண்ணீர் பீய்ச்சும் வண்டியை வரவழைத்துவிட்டார்.

எனக்கு ரத்தம் கொதித்தது. நான் வக்கீல். வாய்தா வாங்கியே பிழைப்பவன் என்றாலும் வக்கீல்தானே. என் பெண்டாட்டி மேல் பீய்ச்ச விடுவேனா? நேரே அவர் முன்னால் போய் நின்றேன்.

"சார், எடுத்த எடுப்பிலேயே பீய்ச்ச முடியாது. முதல்ல கலைஞ்சு போகச் சொல்லணும். போக டைம் குடுக்கணும். அப்பவும் போகலைன்னாதான்."

அவர் நல்ல மனிதர். மைக்கை எடுத்து, "எல்லாரும் கலைஞ்சு போயிடுங்க, இல்லேன்னா தண்ணியப் பீய்ச்சுவோம்" என்று அறிவித்தார்.

ஒருத்தியும் எழுந்திருக்கவில்லை. கவிழ்ந்து கிடந்த குடங்கள்தான் நிமிர்ந்தன. பக்கத்துத் தெருவிலிருந்து ஓர் அண்டாவே வந்து சேர்ந்தது. தெருமுனைப் பூக்கார அம்மா, "இன்னா நைனா, சொல்லிகினே கீற? சீக்கிரம் அடி. நாங்க இங்கதான் குந்திகினு கீறோம்" என்றார்.

என் புத்தி எங்கே போனதோ. வாதம் சூடுபிடித்துவிட்டது.

"பாருங்க சார், கூட்டத்தக் கலைக்கத்தான் பலத்தப் பயன்படுத்தலாம். நீங்க பீய்ச்சினா கூட்டம் கலையாது, கூடும். அப்போ இது சட்டப்படி செல்லாது."

இன்ஸ்பெக்டர் அண்டாவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "கரெக்ட்தான் சார்" என்று வண்டியைத் திரும்பிப் போகச் சொல்லிவிட்டார்.

நிறைந்த வண்டி அப்படியே ரிவர்ஸ் எடுத்துப் போனது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. கைதட்டுவார்கள் என்று திரும்பினேன். தெருவே என்னை முறைத்தது. பூக்கார அம்மா சொன்னதை இங்கே எழுத முடியாது.

என் மனைவி காலிக் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு, எண்ணெய் வழிய வழிய என்னிடம் வந்தாள்.

"ஏங்க, இத்தனை வருஷத்துல கோர்ட்ல ஒரு கேஸ்கூட ஜெயிச்சதில்ல. இன்னிக்குத்தானா ஜெயிக்கணும்?"